கணக்கு நோட்டு

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. "காலையில கூப்பிட்டுப் பேசுங்களேன்" என்றாள் அம்மா. பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அறைத்தோழி, ஆசிரமத்துப் பெரியவர் ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியிருக்கிறாள். மறுநாளே வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். சமையல் சேவைக்கும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நீ எதுவும் பேசவில்லை. "அவ பொய் சொல்ற மாதிரி தெரியலப்பா. ஆனா குருவோட இடத்தைப் பத்தித் தப்பாப் பேசுறது பாவம் இல்லையா?" என்று கேட்டாய். நான் மழை பெய்கிறது, லைன் சரியில்லை என்றேன். மழையும் இல்லை, லைனும் நன்றாகத்தான் இருந்தது. பதில் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஃபேக்டரி மாமாவை நினைவிருக்கிறதா? டீ ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தவர், வரும்போதெல்லாம் உனக்குக் கடலை மிட்டாய் வாங்கி வருவார். திடீரென்று அவர் ஏன் வருவதில்லை என்று நீ கேட்டபோது, வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

2000 வாக்கில் பச்சைத் தேயிலை விலை அடியோடு விழுந்திருந்தது. பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். நகையெல்லாம் பேங்கில் இருந்தது, வீட்டுக்கு வீடு சண்டை. அந்த நேரத்தில்தான் சாமி மாதம் ஒரு முறை மலையேறி வர ஆரம்பித்தார். பேர் வேண்டாம். அவர் வந்து உட்கார்ந்தால் மனசு அடங்கும். அது பொய்யில்லை, இன்றைக்கும் சொல்வேன். ஃபேக்டரி மாமா பதினைந்து வருஷக் குடியை அவர் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் விட்டார். நான் சத்சங்கத்துக்குச் செயலாளர், அவர் பொருளாளர்.

இலவச மருத்துவமனை கட்டப் போகிறோம் என்று பணம் சேர்த்தோம். கூலிக்குப் போகிற பெண்கள் கூட முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மாமா ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு பத்து ரூபாயையும் எழுதுவார். கொடுத்தவர் பேர், தேதி, எதிரே அவர்கள் கையெழுத்து, தெரியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகை. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சாமி, நிலம் வாங்கியாச்சுன்னு சொன்னீங்க. பத்திரத்தோட ஒரு நகல் குடுத்தா நோட்டுல ஒட்டி வெச்சுக்குவேன்."

அவ்வளவுதான் கேட்டார். குரல் கூட உயரவில்லை. சாமியும் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். எழுந்து பேசியது நான்தான். "சாமி இல்லாட்டி நீ எப்பவோ குடிச்சே செத்திருப்பே. அவர் போட்ட உயிரை வெச்சுக்கிட்டு அவர்கிட்டயே கணக்குக் கேக்கறியா?" என்றேன். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

அதற்கப்புறம் யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் உத்தரவு போடவில்லை, அவரவர் தானாகவே ஒதுங்கினோம். அவர் மகள் கல்யாணத்துக்கு நாற்பது குடும்பத்துக்கும் நேரில் வந்து பத்திரிகை வைத்தார். அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மேல் ரோட்டில் கொஞ்சம் நின்றேன். கீழே பந்தல் தெரிந்தது. வாசலில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் பன்னீர்ச் சொம்பை வைத்துக்கொண்டு, தெளிக்க ஆளில்லாமல் தரையில் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தான். மாமா ரோட்டைப் பார்த்தார். நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

மூணு வருஷம் கழித்து வேறு ஒரு வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகம் போனபோது, மனசு கேட்காமல் அந்த நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். நிலம் சாமியின் தம்பி பேரில் இருந்தது. சத்சங்கத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். ஆனால் வாயைத் திறந்து நாலு பேரிடம் சொல்லவில்லை.

எனக்கு இது தெரியாமல் இருந்திருக்கக் கூடாது, பாப்பா. உன் அப்பாயி சிலோனிலிருந்து வந்து ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். சாயங்காலம் நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கிலோக்கணக்கில் கழிப்பார்கள். நல்ல வெயில் நாளில் ஒரு தடவை, "ஐயா, இன்னிக்கு எந்த ஈரத்துக்குக் கழிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். கணக்கப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பொம்பளைகள்தான் அவளைப் பிடித்து இழுத்தார்கள், "எல்லாரையும் சேத்துக் கெடுக்காதே" என்று. கூடையைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கே நின்றேன்.

வரலாறு வாத்தியாராக இருந்தவன், அதனால் இன்னொன்றையும் சொல்கிறேன். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரும் அவரைப் பின்பற்றி அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுமாகத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் செத்தார்கள். முந்நூறு பேர் குழந்தைகள். விஷம் கரைத்துக் கொடுக்கும் முன் நடந்த கூட்டம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அதில் ஒரே ஒரு பெண், கிறிஸ்டின் மில்லர், எழுந்து வாதாடுகிறார். உயிர் இருக்கும்வரை நம்பிக்கை இருக்கிறது, இந்தக் குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் என்கிறார். ஜோன்ஸ் அவரோடு பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருக்கிறார். மில்லரைக் கத்தி உட்கார வைத்தது கூட்டம்தான். அதில் ஒருவர் சொல்கிறார், ஜோன்ஸ் இருந்ததால்தானே நீ இங்கே நிற்கிறாய், உன் ஆயுள் இத்தனை நாள் நீண்டதே அவரால்தான் என்று.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் ஃபேக்டரி மாமாவிடம் சொன்னதும் அதேதான்.

தூர தேசம் எதற்கு? விராலிமலைப் பக்கத்துப் பிரேமானந்தா ஆசிரமம் உனக்குத் தெரியும். அங்கே வளர்ந்த பெண்பிள்ளைகள் பலர் நம்மைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்கள், போக வேறு இடம் இல்லாதவர்கள். 1994-இல் அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் வாயைத் திறந்தார்கள். 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் அந்தச் சாமியாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சோறு போட்டு வளர்த்தவர் மேலேயே பழி போடுகிறார்கள் என்று அப்போது டீக்கடையில் பேசினவர்கள் எத்தனை பேர்!

சரி, பாவமா என்று கேட்டாயே. ராமானுஜர் பதினெட்டுத் தடவை நடந்து போய்த் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரம் வாங்கினார், வெளியே சொன்னால் நரகம் என்ற கட்டளையோடு. உடனே கோயில் மேல் ஏறி நின்று ஊருக்கே சொல்லிவிட்டார். நான் ஒருவன் நரகம் போனால் என்ன, இத்தனை பேர் பிழைப்பார்களே என்றார். இதைச் சொல்லும்போது எல்லோரும் ராமானுஜரைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு நம்பி மேல்தான் கண். கட்டளையை மீறிய சீடனைக் கட்டிக்கொண்டு 'எம்பெருமானாரே' என்று அழைத்தார் அவர். உன் குருஜி உண்மையிலேயே பெரியவர் என்றால் உன் கேள்வியால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கேள்வி கேட்டவளை வெளியே தள்ளித்தான் அந்த இடம் நிற்க வேண்டும் என்றால், அங்கே யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று யோசி.

ஆசிரமத்தை விட்டு வா என்று நான் சொல்லவில்லை. உனக்கு அங்கே கிடைத்த நிம்மதி நிஜம், மாமா குடியை விட்டது நிஜமானது மாதிரி. ஆனால் இன்றைக்கே அவளிடம் போ. நம்புகிறேன் என்று சொல். நடந்ததைத் தேதியோடு எழுதி வைக்கச் சொல். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு, நீ அவசரப்படுத்தாதே. பெண்களுக்கான உதவி எண் 181-க்குக் கூப்பிட்டால் எங்கே போவது, என்ன செய்வது என்று சொல்வார்கள். புகார் கொடுக்கப் போனால் பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்திரு. குழுவில் உன்னையும் நீக்குவார்கள், நீக்கட்டும்.

மாமா வீட்டுக்கு நான் ஏழு வருஷம் கழித்துத்தான் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அத்தை டீ கொடுத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததும் அவர் எழுந்து உள்ளே போய் அந்த நீள நோட்டைக் கொண்டு வந்தார். "செயலாளர் கையெழுத்து ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். கடைசிப் பக்கத்தில் எனக்காகக் கோடு போட்டு வைத்திருந்தார். கை நடுங்கிக்கொண்டு போட்டேன். இப்போது அந்த நோட்டு நம் பீரோவில் இருக்கிறது. நீ அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

அம்மா தைலமும் வர்க்கியும் கட்டி வைத்திருக்கிறாள். ராத்திரி பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வர்க்கியில் பாதி அந்தப் பெண்ணுக்கு. தனியாகக் கட்டச் சொல்லிவிட்டேன், நீயே கொண்டு போய்க் கொடு.

அன்புடன்,
அப்பா