அப்பாவை முதலில் ஈசிஜி எடுக்கக் கூட்டிப் போ

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் வந்துவிட்டது. பருப்புப் பொடி சிந்தவில்லை, கடலை மிட்டாய் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது. உன் கடிதத்தையும் படித்தேன். அப்பாவுக்கு இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்ததை நாலாவது பக்கத்தில், அதுவும் மேலத்தெரு அத்தை மகள் வளைகாப்புக்குக் கீழே எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன சொல்வது? போனில் கேட்டால் அப்பா பக்கத்தில் இருக்கும்போது நீ வாயைத் திறக்க மாட்டாய். அதனால்தான் இதை எழுதி போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கிலாந்தில், இந்த யார்க்ஷயர் பக்கம் மார்கழி என்றால் நாலு மணிக்கே இருட்டிவிடும். முதியோர் இல்லத்தில் வேலை பழகிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, முட்டையும் உருளைக்கிழங்கும் எனக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டுத் தாத்தா இந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடுதான் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிறார். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவராம். கடலை மிட்டாய் கொடுத்தேன், பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு சப்பிச் சாப்பிட்டார்.

போன மாதம் என்னோடு தங்கியிருக்கும் தென்காசிப் பையனுக்குத் தொண்டை வலி. நம் ஊர் வழக்கப்படி நேராகப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போனோம். இங்கே வந்த வரிசையில் பார்ப்பதில்லை, யாருக்கு உயிர் ஆபத்தோ அவருக்குத்தான் முதல் இடம். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே நடந்து வந்தார், பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை. பேர் கேட்ட கையோடு உள்ளே கூட்டிப்போய் ஈசிஜி எடுத்தார்கள். அது எனக்குள்ளேயே நின்றுவிட்டது.

காலையில் தாத்தா எங்களைத் திட்டித் தீர்த்தார். தொண்டை வலிக்கு மருந்துக் கடைக்குப் போகவேண்டியதுதானே என்றார். உண்மைதான். 2024 ஜனவரி கடைசியிலிருந்து தொண்டை வலி, சைனஸ், பூச்சிக்கடி சீழ் என்று ஏழு வகைக் கோளாறுக்கு இங்கிலாந்தில் பார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் கொடுக்கலாம். பார்ப்பது இலவசம், மருந்துக்கு 9.90 பவுண்டு. அதற்கு மேல் என்றால் நாம் பதிந்து வைத்திருக்கிற குடும்ப டாக்டர். காலை எட்டு மணிக்கு அவர்கள் போன் திறந்ததும் தட்கல் டிக்கெட் மாதிரி அடித்துப் பிடிக்க வேண்டும். எங்கே போவது என்றே புரியவில்லையா, 111க்குப் போன் செய்தால் கேள்வி கேட்டு வழி சொல்வார்கள். நெஞ்சு வலி என்றால் மட்டும் எதையும் யோசிக்காதே, இந்த ஊர் அவசர எண் 999. காரில்கூடக் கூட்டிப் போகாதே, ஆம்புலன்ஸ் வந்த இடத்திலேயே வைத்தியம் ஆரம்பித்துவிடும் என்றார் தாத்தா.

அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நெஞ்சு அடைத்து வேர்த்துக் கொட்டியிருக்கிறது, இடது தோள் வரை இழுத்திருக்கிறது. அதை வாயு என்று சொல்லி சோடா குடித்து, டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் ஊசி போட்டுவிட்டு வந்தாராம். வாயுவாகவே இருக்கட்டும், அதை ஈசிஜி பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். மாரடைப்பு என்றால் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, நேரம் போகப்போக அந்தத் தசை செத்துக்கொண்டே வரும். வலி நின்றுவிட்டது என்று சொன்னாலும் விடாதே, இன்றைக்கே கோவில்பட்டி ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போ. திரும்பவும் வந்தால் ஆட்டோ வேண்டாம், அத்தான் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், 108. திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

அம்மா கண்ணுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மாமா சொல்லும் அந்தத் தனியார் இடத்தில் அறுபதாயிரம் எதற்கு? புரை ஆபரேஷன்தானே, திருநெல்வேலி அரவிந்துக்குப் போங்கள். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தவர்கள், ஏழைகளுக்கு இலவசமாகவும் செய்கிறார்கள். மாமா கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும்.

பீரோவில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. இல்லாவிட்டால் ரேஷன் கார்டையும் விஏஓவிடம் வருமானச் சான்றையும் வாங்கிக்கொண்டு அத்தான் கலெக்டர் ஆபீஸ் போகட்டும், ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தத் திட்டத்தில் இருக்கிறார்களா என்று முதலில் கேள்.

பணம் இந்த மாதம் ஒரு வாரம் பிந்தும், ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. அதுவரை சீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்.

எனக்கும் நடுவில் காய்ச்சல் வந்தது, சரியாகிவிட்டது. மருந்துக் கடை, டாக்டர், 111 எல்லாம் இருக்கிறது அக்கா, ஆனால் நெற்றியில் கைவைத்துப் பார்க்க ஆளில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அப்புறம் ராத்திரி தூங்க மாட்டாள்.

ஈசிஜி தாளை மறக்காமல் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா வரமாட்டேன் என்றால் அம்மா கண்ணுக்குத் துணைக்கு வாருங்கள் என்று சொல்லிக் கூட்டிப் போ. சர்க்கரையையும் அதே கையோடு பார்த்துவிடு. வயல் குத்தகைப் பேச்சைச் சித்தப்பா எடுத்தால் தம்பி வந்து பேசுவான் என்று சொல்லி வை, அப்பாவை அதில் இழுக்காதீர்கள்.

அன்புடன்,
உன் தம்பி