ஆய்வு உலைகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுசக்தி குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதை ஆதரித்தும் மறுத்தும் வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அணு மின்சாரம் கட்டுப்படியாகுமா, உலை பாதுகாப்பானதா, குண்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே எல்லாக் கடிதங்களும் நின்றுவிட்டன. அவை கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு வாசகர், 'அணு ஆராய்ச்சிக்குக் கொட்டும் பணத்தால் சாதாரண மனிதனுக்கு என்ன கிடைத்தது?' என்று கேட்டிருந்தார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அணு உலை ஒன்றை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கடல் கடந்து எங்கோ ஓர் ஆய்வு உலை (மின்சாரத்துக்காக அல்லாமல், ஆராய்ச்சிக்காகவும் மருத்துவப் பொருள்களுக்காகவும் இயக்கப்படும் உலை) நின்றால் என் வேலையும் நின்றுபோகும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவன்.

என் காலை வேலை ஒரு சிறிய ஈய உருளையோடு தொடங்கும். அதற்குள் அலுமினா நிரப்பிய விரலளவு கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும்; அந்த அலுமினாவில் மாலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். மாலிப்டினத்தின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 66 மணி நேரம். அது சிதையச் சிதைய டெக்னீசியம்-99எம் பிறக்கிறது. இதன் அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு பக்கம் உப்புநீர்க் குப்பியையும் மறுபக்கம் காற்று நீக்கிய குப்பியையும் பொருத்தினால், உப்புநீர் குழாய் வழியே இழுக்கப்பட்டு, டெக்னீசியத்தை மட்டும் கரைத்துக்கொண்டு வந்து சேரும். மாலிப்டினம் அலுமினாவை விட்டு நகராது. பார்ப்பதற்கு அது வெறும் தண்ணீர்தான். எங்கள் துறையில் அந்த உருளைக்குப் பசு என்று பெயர். இந்த வேலைக்குக் கறப்பது என்று பெயர். இன்று கறந்தால் நாளைக் காலைக்குள் மறுபடி சுரந்திருக்கும். ஆனால் பசு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போகும். ஒரு வாரம் கழிந்தால் தொடக்கத்தில் இருந்ததில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கறந்ததில் மாலிப்டினம் துளியாவது கலந்து வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட்ட பிறகுதான் முதல் நோயாளிக்கு ஊசி போடுவோம்.

புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா, இதயத் தசையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகவில்லை, இரண்டு சிறுநீரகங்களில் எது உண்மையில் வேலை செய்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு இந்த நிறமற்ற நீர்தான் பதில் தருகிறது. எந்த உறுப்பைப் பார்க்க வேண்டுமோ அந்த உறுப்பு விரும்பி ஏற்கும் சேர்மம் ஒன்றோடு டெக்னீசியத்தைக் கலந்து செலுத்தினால், அது போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து வெளிப்படும் காமா கதிரைக் கேமரா படமாக்கிவிடும். உலகெங்கும் ஆண்டுதோறும் 3 கோடிக்கும் மேற்பட்ட சோதனைகள் இந்த ஒரே ஐசோடோப்பைக் கொண்டு நடக்கின்றன.

'கதிரியக்கத்தை உடம்பில் ஏற்றுகிறார்களே' என்று பயப்படாத நோயாளியை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு நான் சொல்லிவந்த கணக்கை இங்கும் சொல்கிறேன். எலும்பு ஸ்கேனுக்கு வழக்கமாகச் செலுத்தும் அளவில் உள்ள டெக்னீசியத்தின் எடை ஒரு கிராமின் 100 கோடியில் சுமார் 4 பங்கு. அது கதிரை வெளியிட்டு அடங்கிய பின் மிஞ்சும் டெக்னீசியம்-99 என்ற பொருளின் அரை ஆயுள் 2 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்பதைக் கேட்டால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். ஆனால் அரை ஆயுள் நீளமாக இருப்பதற்கு அது மிக மெதுவாகச் சிதைகிறது என்றுதான் பொருள்: செலுத்தியது முழுவதும் உடலிலேயே தங்கினாலும் நொடிக்கு இரண்டு மூன்று அணுக்களே சிதையும். பிறந்தது முதல் நம் உடலில் இருக்கும் பொட்டாசியத்தில் நொடிக்கு 4,000 அணுக்களுக்கு மேல் சிதைந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பொருள் எப்படிக் கிடைத்தது என்பதுதான் அந்த வாசகரின் கேள்விக்கு நேரடியான பதில். டெக்னீசியம் என்ற தனிமத்தையே 1937-இல்தான் மனிதர்கள் கண்டார்கள். அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் துகள்களால் தாக்கப்பட்டுக் கழித்துப் போடப்பட்ட ஒரு மாலிப்டினத் தகட்டை, இத்தாலியின் பலேர்மோ நகரில் எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியேயும் ஆராய்ந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்ட்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் அயோடின் ஐசோடோப்பு ஒன்றைத் தயாரிக்கும்போது அதில் ஏதோ மாசு கலந்திருப்பதைக் கண்டார்கள். மாசு எங்கிருந்து வருகிறது என்று துருவிப் போனபோது கிடைத்ததுதான் நான் மேலே சொன்ன பசு. அதற்குக் காப்புரிமை பெறலாமா என்று ஆய்வகம் கேட்டபோது, அந்த அளவுக்குச் சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும்போதே பயனைக் கேட்பவர்கள் இந்த ஒரு கோப்பைப் படித்தால் போதும் என்று நான் நினைப்பதுண்டு.

மாலிப்டினம்-99 உருவாக்கப்படும் விதத்தையும் சொல்ல வேண்டும். யுரேனியத் தகடுகளை ஆய்வு உலைக்குள் சில நாட்கள் நியூட்ரான்களின் நடுவே வைப்பார்கள். பிளவுபடும் யுரேனியம்-235 அணுக்களில் நூற்றுக்கு ஆறு மாலிப்டினம்-99 ஆகும். தகடுகளை வெளியே எடுத்து, கனத்த சுவர்களுக்கு நடுவே இயந்திரக் கைகளால் கரைத்துப் பிரித்து, விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். மணிக்கு ஒரு சதவீதம் வீதம் சரக்கு கரைந்துகொண்டே இருக்கும். கிடங்கில் சேர்த்து வைத்து, தட்டுப்பாட்டுக் காலத்தில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருளல்ல இது.

2009 மே மாதத்தில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் இருந்த என்ஆர்யூ உலையில் கனநீர் கசிவது கண்டுபிடிக்கப்பட்டு உலை நிறுத்தப்பட்டது. 1957-இல் இயங்கத் தொடங்கிய உலை அது. மறுபடி இயங்கப் பதினைந்து மாதங்கள் ஆயின. இதற்கு நடுவில், 2010 பிப்ரவரியில், நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டது. இந்த இரண்டு உலைகளையும் நம்பித்தான் உலகத் தேவையின் பெரும்பகுதி இருந்தது. எங்கள் பிரிவுக்கு வரவேண்டிய உருளை சில வாரங்கள் பாதி வலுவோடு வந்தது. சில வாரங்கள் வரவே இல்லை. இதயச் சோதனைகளைப் பழைய முறைப்படி தாலியம்-201 கொண்டு செய்தோம். அதில் படமும் அவ்வளவு தெளிவாக இராது, நோயாளிக்குச் சேரும் கதிர்வீச்சும் கூடுதல். எலும்பு ஸ்கேனுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெரியவர், "எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள் தம்பி, நானே போய் வாங்கி வந்துவிடுகிறேன்" என்றார். கனடாவில் ஒரு தொட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறது ஐயா என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வண்டி வரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

குண்டைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதிய வாசகர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. இந்தத் தகடுகளில் முன்பெல்லாம் யுரேனியம்-235-இன் பங்கு 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும்படி செறிவூட்டிய, ஆயுதத்துக்கு உதவக்கூடிய யுரேனியமே பயன்பட்டது. அதை 20 சதவீதத்துக்குக் குறைவான செறிவுக்கு மாற்ற வேண்டும் என்று சொல்வது எளிது. செறிவு குறைந்தால் அதே விளைச்சலுக்கு அதே தடிமனுள்ள தகட்டில் பல மடங்கு யுரேனியத்தைத் திணிக்க வேண்டும், தகடும் உலையின் வெப்பத்தில் உப்பாமல் இருக்க வேண்டும், பிறகு கரைக்கும் முறையையும் மாற்ற வேண்டும். உலோகவியலாளர்களும் வேதியியலாளர்களும் பல ஆண்டுகள் இதில் உழைத்ததன் பலனாக 2023-க்குள் பெரிய உற்பத்தியாளர்கள் அனைவரும் குறைந்த செறிவுக்கு மாறிவிட்டார்கள். இதை முதல் பக்கத்தில் போட்ட நாளிதழ் எதையும் நான் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே உள்ள பயன்களை நான் விரிவாகச் சொல்லப் போவதில்லை. அவை என் வேலைக்கு அப்பாற்பட்டவை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிக்குழல்களையும் கையுறைகளையும் பெட்டியைத் திறக்காமலேயே கிருமி நீக்கம் செய்யும் கோபால்ட்-60 உலைகளில் உருவாக்கப்படுவதுதான். உயர் மின்னழுத்தத் தடங்களில் பயன்படும் சில குறைக்கடத்திகளுக்கான சிலிக்கானை நியூட்ரான்களின் நடுவே வைத்தால், அதில் உள்ள சிலிக்கான்-30 அணுக்களில் சில பாஸ்பரஸாக மாறி, வேறு எந்த முறையிலும் எளிதில் வராத அளவுக்குச் சீராகப் பரவி நிற்கும். 1977-இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்களுக்கு இன்றும் மின்சாரம் தருவது புளூட்டோனியம்-238 விடும் வெப்பம்.

மின்னுலையின், அதாவது மின்சாரம் தயாரிக்கும் அணு உலையின், பாதுகாப்பைக் கேள்வி கேட்டவர்களுக்காக ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எரிபொருள் வில்லைகளை அடுக்கி வைக்கும் மெல்லிய குழாய்கள் சிர்க்கோனியக் கலவையால் ஆனவை. நியூட்ரான்களை மிகக் குறைவாகவே விழுங்கும் உலோகம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். குளிர்விக்கும் நீர் நின்றுபோய்க் குழாய் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதே உலோகம் நீராவியோடு ஆவேசமாக வினைபுரிந்து, மேலும் வெப்பத்தையும் ஹைட்ரஜனையும் வெளியிடும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவின் உலைக் கட்டடங்கள் வெடித்துச் சிதறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே, அந்த வெடிப்பு இந்த ஹைட்ரஜனால் வந்தது. அதன் பிறகு, குழாயின் மேல் சில மைக்ரான் தடிமனுக்குக் குரோமியம் பூசி அந்த வினையைத் தாமதப்படுத்தும் ஆராய்ச்சி பல நாடுகளில் வேகம் பிடித்தது; 2018 முதல் இப்படிப்பட்ட புதுவகைக் குழாய்களில் எரிபொருளை அடைத்த சோதனைக் கோல்கள் இயங்கும் மின்னுலைகளிலேயே வைக்கப்பட்டுவருகின்றன. ஆனால் இப்படிப்பட்ட கோல்களை வேண்டுமென்றே வாட்டி வதைத்து, எந்த இடத்தில் உடைகின்றன என்று பார்ப்பதை மின்னுலையில் செய்ய முடியாது; அதற்கு ஆய்வு உலை வேண்டும். அந்த வேலையில் அறுபது ஆண்டுகள் பெயர் பெற்றிருந்த நார்வேயின் ஹால்டன் உலை, இதே 2018-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. பிரான்சில் 2007-இல் கட்டத் தொடங்கிய ஜூல் ஹோரோவிட்ஸ் உலை இன்னும் முடிந்தபாடில்லை. அணு உலை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் ஆய்வு உலைகளை மூடுவதற்குக் கைதட்டுவது எனக்கு விளங்கவில்லை.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் விட்டுச்சென்ற சிகிச்சை இயந்திரத்தைப் பழைய இரும்புக்காகப் பிரித்தவர்கள், அதற்குள் இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கத் தூளை இருட்டில் ஒளிர்கிறதே என்று வீடுவீடாகப் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. அந்த இயந்திரம் மருத்துவத்துக்காகச் செய்யப்பட்டதுதான். பதிவேடு ஒழுங்காக இருந்திருந்தால், நீரில் கரையும் தூளாக இல்லாமல் கரையாத திண்மமாக அந்தக் கதிரியக்கப் பொருளைச் செய்திருந்தால், அந்தக் குழந்தை பிழைத்திருக்கக்கூடும். நாங்கள் ஒவ்வொரு குப்பிக்கும் கையொப்பம் இடுவதைக் காகித வேலை என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

பெட்டன் உலை 1961-ஐச் சேர்ந்தது. 2024 அக்டோபரில் அது குறித்த நாளில் தொடங்க முடியாமல் போனபோது மறுபடியும் உலகெங்கும் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. அதன் இடத்துக்கு வரவேண்டிய பல்லாஸ் உலை அங்கேயே இப்போதுதான் கட்டப்பட்டுவருகிறது. பெல்ஜியத்தின் பிஆர்2, தென்னாப்பிரிக்காவின் சஃபாரி-1, செக் நாட்டின் எல்விஆர்-15 ஆகிய மூன்றும் அறுபதைத் தொட்டோ தாண்டியோ உழைப்பவை. ஒரு புதிய மின்னுலைக்கு அடிக்கல் நாட்டினால் தங்கள் நாளிதழில் அரைப் பக்கம் கிடைக்கிறது. இந்தக் கிழட்டு உலைகளில் ஒன்று பழுதாகி நின்றால் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். ஸ்கேனுக்கு நாள் குறித்து வாங்கியிருப்பவர்கள், தங்கள் முறை ஏன் தள்ளிப்போகிறது என்பதை மருத்துவமனை வரவேற்பறையில் நின்று தெரிந்துகொள்ளாமல், அன்று காலை நாளிதழிலேயே தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
அணு மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு வாசகர்