திறக்காத டப்பாவுக்குள் இருக்கும் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலியைத் தள்ளிப்போடாதே, டாக்டரைப் பார்.

சீல் வைத்த டப்பாவைத் திறக்காமலே உள்ளே இருக்கும் புளூட்டோனியத்தில் எந்த ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகை) எவ்வளவு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷமாகியும் எனக்கு அலுக்காத விஷயம் அதுதான்.

ஒவ்வொரு ஐசோடோப்பும் தனக்கே உரிய ஆற்றல்களில் காமா கதிர் விடும். புளூட்டோனியம்-239க்கு 129.3, 203.5, 375, 413.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்று ஒரு வரிசையே உண்டு. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஜெர்மானியம் டிடெக்டரில் இவை ஊசி ஊசியாகத் தனித்தனியே எழும். ஆனால் அந்த ஊசியை, அதாவது பீக்கை, அப்படியே அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. டப்பாவின் சுவரும், உள்ளே இருக்கும் புளூட்டோனியமும் ஆற்றல் குறைந்த கதிர்களை அதிகமாக விழுங்கிவிடும். சுவர் எவ்வளவு தடிமன், உள்ளே பொடியா உலோகமா, நமக்குத் தெரியாது.

தெரியவும் வேண்டாம்! 239 எந்த ஆற்றலில் எந்த விகிதத்தில் கதிர் விடும் என்பது அட்டவணையில் இருக்கிறது. 413.7ஐவிட 129.3 எவ்வளவு இளைத்து வந்திருக்கிறது என்று பார்த்தால், இந்த டப்பா எதை எவ்வளவு விழுங்குகிறது என்ற வளைகோடு அதிலிருந்தே கிடைத்துவிடும். அந்தக் கோட்டை வைத்து 148.6இல் வரும் புளூட்டோனியம்-241ஐ 239உடன் ஒப்பிடலாம். திருத்திய எண்ணிக்கையை ஒரு சிதைவுக்கு எத்தனை கதிர் என்பதால் வகுத்து அரை ஆயுளால் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) பெருக்கினால் அணுக்களின் விகிதம் வந்துவிடும். தூரமோ டப்பாவின் வடிவமோ கணக்கில் வருவதே இல்லை. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் ரே கன்னிங்க் உருவாக்கிய எம்ஜிஏ, அங்கேயே லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஃப்ராம் இரண்டு கணினி நிரல்களும் இந்த வழியில்தான் போகின்றன.

படுத்துவது 240தான். 160.3இல் அதன் பீக் மெலிந்தது. 239, 241 இரண்டின் கதிர்களும் அதே இடத்தில் வந்து விழும். ஆனாலும் அதை விட முடியாது. நியூட்ரான் எண்ணி மொத்த புளூட்டோனியத்தின் எடையைச் சொல்பவர்களுக்கு, அந்த நியூட்ரான்களைப் பெரும்பாலும் தரும் 240 எத்தனை சதவீதம் என்று நாங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

242 விடும் காமா மிகமிகச் சொற்பம், இந்த முறைக்கு எட்டாது. மற்ற ஐசோடோப்புகளின் விகிதத்தை வைத்து ஊகிக்கிறோம். எரிபொருள் எந்த அணு உலையில் எவ்வளவு எரிந்தது என்பதைப் பொறுத்து அந்த ஊகம் மாறும். அறிக்கையில் அளந்த எண்களோடு ஒரே வரிசையில் அதையும் போடுவது எனக்கு ஒப்பாது. "மதிப்பீடு" என்று பக்கத்தில் எழுதச் சொல்லி இளையவர்களிடம் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

யுரேனியத்துக்கு வழி வேறு. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கணேசன்