ஆதியின் கிடாரும் உன் வீணையும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. சீரியலில் யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று இப்போது எனக்கே சொல்கிறாள். எனக்கு வேலை ஒயிட்ஃபீல்டு பக்கம் மாறிவிட்டது. தூரம்தான், ஆனால் மெட்ரோ இருப்பதால் அலுப்பில்லை. உட்கார இடம் கிடைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டால், இறங்குவதற்குள் ஒரு ஆல்பத்தை முக்கால்வாசி கேட்டுவிடலாம்.

சரி, உன் மகன் ஆதியைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். 'ஆதி நாள் முழுக்க கிடாரும் கையுமாக இருக்கிறான், அவன் வாசிக்கிற ராக் எதுவும் எனக்குக் காதில் ஒட்டவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிற மாதிரி ஏதாவது சொல்' என்று எழுதியிருந்தாய். இதைவிட எனக்குப் பிடித்த வேலையை நீ தந்திருக்க முடியாதுடி.

நம் ராகத்தையும் மேற்கத்திய இசையையும் கலக்கிற ஃப்யூஷன் என்றாலே நீ முகம் சுளிப்பாய். உன் கோபம் நியாயம்தான். கீழே கிடாரில் பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுகிற நாலு கார்டு (chord) சுற்றிச் சுற்றி ஓடும், மேலே ஒருவர் ஆரோகண அவரோகணத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகம் போய்விடும், ராகம் வெறும் ஸ்கேலாக நிற்கும். அதனால்தான் ஜான் மெக்லாஃப்ளினின் ஷக்தி என்ற குழுவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். அவர் இங்கிலாந்துக்காரர், மின்சார கிடாரில் பெரும்புகழ் பெற்றவர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். அப்புறம் ஷக்திக்காக ஒரு அக்கூஸ்டிக் கிடாரையே மாற்றிச் செய்யச் சொன்னார். உன் வீணையில் மெட்டுகள் (ஃப்ரெட்) மெழுகின் மேல் உயரமாக நிற்பதால்தானே தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரங்களைத் தொட முடிகிறது? கிடாரில் மெட்டுக்கு அடியிலேயே மரம் வந்துவிடும், விரல் அதில் முட்டி நின்றுவிடும். இவருடைய கிடாரில் ஒவ்வொரு மெட்டுக்கும் நடுவில் மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். ஆறு தந்திகளுக்குக் கீழே, குறுக்காக, கூடவே அதிர்வதற்கு இன்னும் ஏழு தந்திகள். ராகத்தைக் கிடாருக்குள் திணிக்காமல், கிடாரை ராகத்துக்காக மாற்றியவர் அவர். ஆதியிடம் முதலில் இதைச் சொல். பிறகு அவன் கிடாரின் மெட்டையும் உன் வீணையின் மெட்டையும் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்.

முதல் ஆல்பத்தின் பெயர் 'ஷக்தி வித் ஜான் மெக்லாஃப்ளின்'. 1975-இல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவு செய்தது, வெளிவந்தது 1976-இல். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலில் வரும் 'ஜாய்' பதினெட்டு நிமிஷம். கிடாரும் வயலினும் ஒரே வரியைப் புயல் வேகத்தில் சேர்ந்து வாசிக்கும்போது ஆதி வாயைப் பிளப்பான். நடுவில் வரும் 'லோட்டஸ் ஃபீட்' சின்னது, நிதானமானது. அது உனக்கு. இரண்டையும் ஒரே இருப்பில் கேளுங்கள், துண்டு துண்டாக வேண்டாம். இது பிடித்துப்போனால் அடுத்தது 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', அது கொன்னக்கோலோடு, அதாவது வாயால் சொல்கிற தாளச் சொற்களோடு, தொடங்கும். பின்னாளில் 'ரிமெம்பர் ஷக்தி' என்று மறுபடி கூடியபோது நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். 2023-இல் வந்த 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்துக்கு மறு வருஷம் பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அந்த டிசம்பரிலேயே ஜாகிர் போய்விட்டார். அன்று மெட்ரோவில் 'ஜாய்' கேட்டுக்கொண்டு வந்தேன், கண்ணீரை அடக்க முடியவில்லை கோமதி.

அடுத்தது எங்கள் ஊர்ச் சரக்கு. பெங்களூரில் 'கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்' என்று ஒன்று இருக்கிறது, மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணியோடு சேர்ந்த பெயர். அவர்களும் சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன்காரரும் சேர்ந்து 1983-இல் 'ஜோதி' என்று ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள், ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காக. பாடுவது ஆர்.ஏ. ராமமணி. இதைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். ராமமணியின் குரலை முந்திக்கொண்டு ஓடாமல் சாக்ஸபோன் பக்கத்தில் நடந்து வருகிற அழகை நீ கேட்க வேண்டும். கிடார் கிடையாது, ஆதி முனகுவான். பரவாயில்லை, இது ராத்திரி அடுக்களை ஒதுக்கின பிறகு நீ தனியாகக் கேட்பதற்கு.

அவனுக்குத் தருவதற்கு 'அகம்' என்ற ராக் குழு இருக்கிறது. இவர்களும் பெங்களூர்தான். 2012-இல் வந்த 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்' ஆல்பத்தில் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' என்று ஒரு பாட்டு. பெயரைப் பார்த்து மிரளாதே, அது நம் தியாகராஜரின் ஹம்ஸநாத ராகக் கிருதி 'பண்டுரீதி'தான். தனஸ்ரீ தில்லானாவும் உண்டு. கீழே டிரம்ஸும் முரட்டு கிடாரும் இடிக்க, ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் கமகத்தை விட்டுக்கொடுக்காமல் பாடுகிறார். சில இடங்களில் டிரம்ஸ் சாகித்யத்தை அமுக்குகிறது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தியாகராஜரைத் தேடி உன் மகன் உன்னிடமே வந்து நிற்கிற நாள் இதனால்தான் வரும் என்று நினைக்கிறேன்.

ரகு தீட்சித் புராஜெக்ட் என்ற குழுவின் 2008 ஆல்பத்தையும் விடாதே. சிசுநாள ஷரீஃப் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு கன்னடக் கவியின் பாட்டுகள் அதில் இருக்கின்றன, நம் சித்தர் பாடல்களின் வாடை அடிக்கும். இங்கே காலேஜ் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுகிறார்கள். தமிழிலேயே வேண்டும் என்றால் சென்னையின் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு: கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில். வரிகளைக் கவனித்துக் கேள், ஆதிக்கும் விளக்கு.

அப்புறம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது, ஜெர்மன் இசைமேதை பாக் (Bach), தியாகராஜர் இருவருக்கும் சமர்ப்பணம். உன் வீட்டில் அந்த கேசட் கட்டாயம் இருக்கும். அதில் வரும் வி.எஸ். நரசிம்மனின் வயலினை ஆதி இன்னும் கேட்டதில்லை என்றால் இன்றைக்கே கேட்க வை.

ராமநவமி சமயத்தில் அவனுக்குப் பரீட்சை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாமராஜ்பேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் தினமும் கச்சேரி நடக்கும், இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். தட்கலுக்கு விடாமல் டிக்கெட்டை முன்னாலேயே போட்டுவிடு. 'ஜாய்' கேட்டு ஆதி என்ன சொன்னான் என்பதை மட்டும் அதற்கு முன்பே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சாந்தா