கச்சான் அடிக்கிற மாசத்துல தம்பிக்கு

தம்பி,

நல்லா இருக்கியா. மாலத்தீவுல கெஸ்ட்ட சர்ஃபிங்குக்கு, அலை மேல பலகைல நின்னு போறதுக்கு, கூட்டிட்டுப் போற வேலையெல்லாம் எப்படிப் போகுது. உங்கம்மா கோயிலுக்குப் போயிருக்கா, பனிமய மாதா கொடியேத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, அவ திரும்பி வர்றதுக்குள்ள இத டைப் பண்ணி அனுப்பிரணும்னு உக்காந்துருக்கேன். நீளமா இருக்கும், பொறுமையா படி, பாதில விட்டுட்டு தம்ஸ் அப் போடாத.

செவ்வாக்கிழம வீடியோ கால்ல நீ போனை ஜன்னல்ல சாச்சு வச்சப்போ ஒரு நிமிஷம் உன் இடது கால் தெரிஞ்சுது. கெண்டைக்கால்ல துணி சுத்தியிருந்த, ஓரத்துல மஞ்சளா கசிஞ்சிருந்துது. பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்ன, அவளும் நம்பிட்டா. ஆனா துணிக்கு மேல முட்டி பக்கம் வெளிய தெரிஞ்ச கீறல் இருக்கே, அது ரோட்டுல தேச்ச கீறல் இல்ல தம்பி. ரோடு தேச்சா அகலமா உறிஞ்சு போகும். இது சீப்ப வச்சு அழுத்தி இழுத்த மாதிரி பக்கத்துப் பக்கத்துல நாலஞ்சு கோடு. கடலுக்கடில இருக்கிற பவளப் பார் கல்லு கிழிச்சா மட்டும்தான் அப்படி இருக்கும். எனக்கு 19 வயசுல முயல் தீவுக்குப் பக்கத்துல வலை சிக்கிருச்சுன்னு குதிச்சு எடுக்கப் போய் இதே மாதிரி கிழிச்சுக்கிட்டேன், சின்னக் காயந்தானன்னு விட்டுட்டேன், ரெண்டு மாசம் ஆறல. மேல தோல் மூடும், உள்ள சீழ் கட்டும், திரும்ப உடையும். கடைசில டாக்டர் கீறி உள்ள இருந்து அரிசிக் குருணை மாதிரி நாலு பவளத் துணுக்கு எடுத்து என் கையிலயே வச்சாரு. அதுக்கப்புறம் பத்து நாள்ல ஆறிருச்சு.

அதனால மொதல்ல காயத்தக் கவனி. எலுமிச்சம்பழம் தேய்க்கிறாங்கன்னு நீயும் தேய்ச்சுட்டு விட்டுறாத, எரியறதுனால சுத்தமாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. நல்ல தண்ணிய நிறைய ஊத்திக் கழுவி, மெல்லிசான பிரஷ் வச்சு உள்ள இருக்கிற துணுக்கெல்லாம் வர்ற வரைக்கும் தேய்ச்சு எடுக்கணும், வலிக்கும், பல்லக் கடிச்சுக்கோ. டிடி ஊசி எப்பப் போட்டன்னு ஞாபகம் இல்லன்னா போட்டுரு. உன் தீவு துலுஸ்தூ ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போ. சுத்தி சிவந்து சூடா இருந்தா நாளைக்குன்னு தள்ளாத.

பொய் சொன்னதுக்குக் கோவம் இல்ல. உன் வயசுல நானும் எங்கப்பாகிட்ட சொல்லிருக்கேன். ஆனா எப்படி கிழிச்சுதுன்னு நீ சொல்லாமலே எனக்கு ஓரளவு விளங்குது, அந்த வாரத்து அலைக் கணிப்பு சார்ட்ட நான் பாத்திருந்தேன். ஆமா, உன் போன்ல இருக்கிற அதே ஆப் என் போன்லயும் இருக்கு, நீ போன மார்ச் மாசத்துல இருந்து தினமும் காலைல காப்பி குடிக்கிறப்போ மாலத்தீவு கிழக்குக் கரைய ஒரு தடவ பாத்துட்டுதான் மத்த வேலை.

உனக்குத் தெரியும், நான் சரக்குத் தோணில தண்டலா, தோணிய நடத்துற ஆளா, இருந்த காலத்துல மாலத்தீவு தலைநகர் மாலிக்கு எத்தனையோ தடவ கருங்கல்லும் வெங்காயமும் உருளையும் ஏத்திட்டுப் போயிருக்கேன், மூணு நாள் ஓட்டம். நாங்க வடகிழக்குல இருந்து எறங்கி வர்றதால மொதல்ல கண்ணுல படுறது நீ இப்ப இருக்கிற கிழக்குப் பக்கத்துப் பார்தான். அங்க மலை கிடையாது மேடு கிடையாது, தீவு தெரியறதுக்கு முன்னாலயே மேகத்தோட அடிப்பக்கம் லேசா பச்சையடிக்கும், உள்கடல் தண்ணியோட நெறம் மேல போய் ஒட்டுறது அது. அப்புறம் ஒரு வெள்ளக் கோடு. அந்த வெள்ளக் கோட்டப் பாத்ததும் எனக்கு வயிறு ஒரு தடவ இறுகும், எத்தனை வருஷம் போனாலும் இறுகும். 300 டன் சரக்கோட அந்தக் கோட்டு மேல ஏறிட்டா தோணி வெறகுதான்.

1996ல ஏப்ரல் மாசம் ஒரு விடியக்காலைல அந்த வெள்ளக் கோட்டுக்குப் பக்கத்துல மூணு மனுசத் தலை தெரிஞ்சுது. ஏதோ படகு ஒடைஞ்சு ஆளுங்க தத்தளிக்கிறாங்கன்னு நினைச்சு இஞ்சினக் கொறைக்கச் சொன்னேன், கயிறெல்லாம் எடுத்துட்டோம். பாத்தா ஒருத்தன் அலை மேல எழுந்து நிக்கிறான். எனக்குப் பேச்சு வரல. நாங்க எந்த இடத்துக்குப் பயந்து நாலு மைல் தள்ளி ஓட்டுறோமோ அந்த இடத்துலயே ஒருத்தன் பலகை மேல நின்னுட்டு சிரிக்கிறான். நீ போன வருஷம் அந்த ஆஸ்திரேலியாக்காரர் டோனி ஹிண்டே கதைய சொன்னப்போ எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வந்துது. 1973ல அவரு வந்த பாய்மரப் படகு இதே அட்டோல், அதான் வளையமா இருக்கிற தீவுக்கூட்டம், அதோட பார்ல மோதி ஒடைஞ்சு, கரையேறி, அங்கயே தங்கி, முஸ்லிமா மாறி, அங்க இருக்கிற அலையெல்லாம் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு, 2008ல தான் நேசிச்ச பாஸ்தா பாயிண்ட்லயே அலையில இருக்கும்போதே போய்ச் சேந்தாருன்னு சொன்ன. தோணிக்காரன் கண்ணுக்குக் கப்பல் ஒடையிறதோட கதை முடிஞ்சு போகும், அவருக்கு அங்கதான் ஆரம்பிச்சிருக்கு.

இப்ப கச்சானுக்கு வர்றேன். நம்ம ஊர்ல மே கடைசில கச்சான், அதான் மேல்காத்து, ஏறிருச்சுன்னா நாங்க தோணியக் கட்டிப் போட்டுருவோம், செப்டம்பர் வரைக்கும் வீட்ல சும்மா, கடன்ல சாப்பாடு. நீ சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஸ்கூல் பீஸ் கட்டுற நேரமும் கச்சான் அடிக்கிற நேரமும் ஒண்ணா வரும், அந்தக் காத்து மேல எனக்கு எவ்வளவு வெறுப்புன்னு சொல்லி முடியாது. அதே மேல்காத்துதான் உனக்கு சோறு போடுது. உன் பார் கிழக்கப் பாத்து இருக்கு, காத்து மேற்குல இருந்து தீவத் தாண்டி வந்து அலையோட மூஞ்சிலயே அடிக்குது, அலை ஒடனே சரியாம நிமிந்து நிக்குது, கண்ணாடி மாதிரி. நீங்க ஆஃப்ஷோர்ங்கிறது இதத்தான். வாடை காலத்துல, வடகிழக்குக் காத்து அடிக்கிறப்போ, கடல் சின்னதாவும் இருக்கும், காத்து அலையோட முதுகுல அடிச்சு கலக்கியும் விட்டுரும், அதான் டிசம்பர் ஜனவரில உங்க கெஸ்ட் ஹவுஸ் காலியா கெடக்கு.

ஆனா கச்சான் எப்பவும் ஒரே மாதிரி அடிக்கிற காத்து இல்ல தம்பி. மேற்க மேகம் கறுத்து அடிவானத்துல வெள்ளையா ஒரு பட்டை தெரிஞ்சா இருபது நிமிஷத்துல மழையோட வந்து விழும், அந்த நேரத்துல தண்ணில இருந்தா காத்து உன்னைக் கரையில இருந்து வெளிய தள்ளும், மழைல தீவே தெரியாது. பத்துப் பன்னண்டு நாட் காத்துன்னா அழகு, இருபதத் தாண்டிருச்சுன்னா போர்டத் தூக்கி எறங்கவே விடாது, கண்ணுல தண்ணி அடிச்சு கீழ என்ன இருக்குன்னே தெரியாது. அந்தப் பட்டையப் பாத்ததும் கெஸ்ட்ட கூப்பிட்டுக்கிட்டு போட்டுக்கு வந்துரு, இன்னொரு அலைன்னு நிக்காத.

அடுத்தது ஸ்வெல், தூரத்துப் புயல்ல கெளம்பி வர்ற அலை. நீ எப்பவும் உயரத்தச் சொல்ற, அஞ்சடி, ஆறடின்னு. நான் உயரத்த ரெண்டாவதுதான் பாப்பேன், மொதல்ல பாக்குறது பீரியட், ரெண்டு அலைக்கு நடுவுல உள்ள நேரம். நாங்க ஆப் இல்லாத காலத்துல ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவுல எத்தனை எண்ணுறோம்னு எண்ணுவோம். காத்தே இல்லாத நாள்ல தோணி மெதுவா, ரொம்ப மெதுவா ஏறி எறங்கும், பதினஞ்சு பதினாறு எண்ணுற வரைக்கும். எங்க பெரிய தண்டல் பீடியக் கீழ போட்டுட்டு தெக்க எங்கயோ கடல் கலங்கியிருக்குன்னு சொல்லுவாரு. அவரு சொன்னது சரிதான், நிலநடுக்கோட்டுக்கு 40 டிகிரி 50 டிகிரி தெக்க, நமக்கு வெயில் அடிக்கிற மாசத்துல அங்க குளிர்காலம், அங்க அடிக்கிற புயல்ல கெளம்புறது அது. 17 செகண்ட் ஸ்வெல் மணிக்கு 48 கிலோமீட்டர் கிட்ட ஓடும், 5,000 கிலோமீட்டருக்கு மேல வந்து அஞ்சாவது நாள் உன் பார்ல ஏறும். காத்து எங்கயோ, அலை எங்கயோ.

இதுல முக்கியமானது என்னன்னா, 8 செகண்ட் அலை 50 மீட்டர் ஆழத்துலதான் தரையத் தொடும், 17 செகண்ட் அலை 200 மீட்டருக்கு மேல ஆழத்துலயே தரைய உணர ஆரம்பிச்சிரும், உள்ள அவ்வளவு தண்ணி நகருது. நம்ம மணப்பாடு மாதிரி மெதுவா சரிஞ்சு ஏறுற மணல்னா அது வர்ற வழியிலயே பலத்த விட்டுட்டு வரும். உன் பார் ஆழத்துல இருந்து செவுரு மாதிரி எழும்பி நிக்குது, அலைக்கு பிரேக் போட நேரமே இல்ல, மொத்தத்தையும் கொண்டு வந்து இடுப்பளவு தண்ணில கொட்டுது. அதனாலதான் ஆப்ல ரெண்டு நாளும் அஞ்சடின்னு போட்டிருந்தாலும் உங்க கோக்ஸ் பார்ல ஒரு நாள் வெளாட்டு, இன்னொரு நாள் அடி. நீ கால் கிழிச்ச அன்னைக்கு உயரம் அதிகம் இல்ல, பீரியட் 18. காலைல வத்தம், தண்ணி எறங்குன நேரம். நான் சொல்றது சரிதானே?

அங்க ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது, சின்னதுதானன்னு தோணும். ஆனா கால் பார்ல படுறதா படலயான்னு முடிவு பண்றது அந்த முக்கா மீட்டர்தான். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி வத்தம் நல்லா எறங்கும், அந்த நாலு நாளும் எறங்குற நேரத்த ஏத்தத்துக்கு மாத்திக்கோ. கண்டுல, அதான் வாய்க்கால்ல, ஓடுற நீவாட்டையும் (நீரோட்டத்தையும்) பாரு, கோக்ஸுக்கும் எதிர்ப்பக்கம் சிக்கன்ஸ் பாருக்கும் நடுவுல இருக்கிற அந்த வாய்க்கால்ல வெளிய ஓடுற நீவாடு உள்ள வர்ற ஸ்வெல்லோட மோதுனா அலை செங்குத்தா, கோணல்மாணலா நிக்கும், போர்டுல படுத்து கை நோகத் தண்ணியத் தள்ளுனாலும் ஒரே எடத்துல நிப்ப. நீவாட்ட எதுத்து நீந்தக் கூடாது, அதோட கொஞ்சம் போய் பக்கவாட்டுல வெளிய வரணும், சின்ன வயசுல உனக்கு துறைமுகத்துக்குப் பின்னால இதத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொண்ணு, பீரியட் நீளமா இருக்கிற அன்னைக்கு பெரிய அலைங்க கூட்டமா வர்ற ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவுல கால் மணி நேரம்கூட கடல் தூங்குற மாதிரி கெடக்கும். புதுசா வர்ற கெஸ்ட் போட்டுல இருந்து அதப் பாத்துட்டு இவ்வளவுதானான்னு கேப்பான். கரையில நின்னு இருபது நிமிஷம் முழுசா பாக்காம யாரையும் எறக்காத. 2024 மே மாசம் கன்னியாகுமரிப் பக்கம் லெமூர் பீச்சுல அஞ்சு மெடிக்கல் காலேஜ் பிள்ளைங்க போனாங்களே, ஞாபகம் இருக்கா, அன்னைக்கு மேல புயலும் இல்ல மழையும் இல்ல. கள்ளக்கடல். எங்கயோ தெக்க கெளம்புன இதே நீள அலைதான் சத்தம் இல்லாம வந்து இழுத்துட்டுப் போச்சு. ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ்ல இருந்து எச்சரிக்கை போட்டிருந்தாங்க. இப்ப கள்ளக்கடல் எச்சரிக்கைன்னு டிவில கீழ ஓடுனா அம்மா நம்ம ஊருக்குன்னு நினைச்சு காயப் போட்ட துணிய எடுக்கப் போவா, எனக்கு மட்டும் தெரியும், அதே ஸ்வெல்தான் உன் பார்லயும் ஏறுது, உனக்கு முந்தி, நமக்குப் பிந்தி.

உன் ஓனர் எறக்குன்னு சொன்னாருன்னு சொன்னியே போன மாசம், அத நான் மறக்கல. சம்பளம் குடுக்கிறவர் அவருதான், ஆனா தண்ணில இருக்கிறது நீ. தோணில முதலாளி கரையில இருந்து ஆயிரம் சொல்லுவாரு, தோணிய அவிழ்க்கிறதா வேண்டாமான்னு முடிவு தண்டல் கையில. ரெண்டு தடவ நான் அவிழ்க்க மாட்டேன்னு நின்னு ஒரு ட்ரிப் கூலிய விட்டிருக்கேன், அந்த மாசம் உங்கம்மா வளையல் அடகுக்குப் போச்சு, அவ ஒரு வார்த்தை கேக்கல. நீ வேண்டாம்னு சொல்லி வேலை போச்சுன்னா வீட்டுக்கு வா, இங்க சோறு இருக்கு.

திருவிழாக்கு வர முடியாதுன்னு தெரியும், சீசன். ஆகஸ்ட் 5 அன்னைக்கு சப்பரம் வர்றப்போ வீடியோ போட்டுக் காட்டுறேன்.

சார்ட்ல சனிக்கிழம ஒண்ணு வருது, பாத்திருப்ப. தெக்க இருந்து நேரா, 17 செகண்ட், காத்து மேற்கு பன்னண்டு. வடக்கு மாலி அட்டோல்ல கிழக்குப் பக்கத்துக்கு தென்மேற்குல இருந்து வர்றது சுத்தி வளஞ்சு வர்றதுக்குள்ள எளச்சுப் போகும், இது எளைக்காது. நல்ல நாள்தான், எனக்கும் தெரியுது, எறங்காதன்னு சொல்ல மனசு வரல. காயம் மூடலன்னா மட்டும் போட்டுலயே இரு.

நானும் அம்மாவும் சனிக்கிழம மணப்பாட்டுக்கு அத்தை வீட்டுக்குப் போறோம், ராத்திரி தங்கல். மொதல் பெரிய செட் எத்தனை மணிக்கு பார்ல வந்துதுன்னு பாத்து ஒரு மெசேஜ் போடு, மணி மட்டும் போட்டா போதும். அங்க இருந்து இங்க வர ஏறக்குறைய அரை நாள் எடுக்கும். சிலுவைக் கோயில் மேட்டுக்குக் கீழ நின்னு நான் எண்ணிப் பாத்து உனக்குத் திருப்பி அனுப்புறேன்.

அப்பா