டுனி பராமரிப்போர் சங்கத்துக்கு ஒரு மெய்ப்புத் திருத்துபவனின் மடல்

மதிப்புக்குரிய சங்கத்தாருக்கு வணக்கம்.

நீங்கள் கற்பனை மனிதர்கள் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி இருவர் 1993-ல் வெளியிட்ட 'மிஸ்ட்' கணினி விளையாட்டிலிருந்து கிளைத்தது உங்கள் கதை. நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் ஒரு பெருங்குகை, அதற்குள் ஏரி, ஏரியை ஒட்டி டுனி என்ற உங்கள் நகரம். இருந்தாலும் தொழில்முறையில் உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

உங்கள் ஊர் எழுத்தாளர் சங்கத்துக்காரர் ஓர் உலகத்தை வரிவரியாக விவரித்து எழுதி முடிப்பார். புத்தகத்திலிருக்கும் பலகத்தில் கை வைத்தால் ஆள் அங்கே போய்ச் சேருவார். ஆனால் முதலில் காலடி வைப்பது நீங்கள்தான். தடித்த காப்புடையை மாட்டிக்கொண்டு போய், காற்று மூச்சுக்கு ஆகுமா, தரை தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்க்கிற பிழைப்பு, என்னைப் போலவே.

உங்கள் கெடுபிடி எனக்குப் பிடிக்கும். கை வைத்த புத்தகம் கூடவே வராது, அங்கேயே கிடக்கும். திரும்பி வருவதற்கான இணைப்புப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். இதில் கோட்டை விட்ட ஒருவருக்குப் பெயரே அட்ரஸ். பெயரில்தான் அட்ரஸ், பக்கம் போன புத்தகத்தோடு, வீடு திரும்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

வழக்குக்கு வருகிறேன். 1997-ல் வந்த 'ரிவன்' விளையாட்டில் ஒரு பள்ளிக்கூட அறை வரும். பிள்ளைகள் யாரும் இல்லை. ஒரு மர பொம்மை மட்டும் நிற்கிறது: மேலே இரண்டு குட்டி மனிதர்கள் தொங்குகிறார்கள், கீழே வார்க் என்ற கடல்மிருகம் காத்திருக்கிறது. திருகினால் உங்கள் டுனி எண் ஒன்று தெரியும். அந்த எண்ணுக்குத் தக்கபடி ஒரு மனிதன் கீழே இறங்குவான். கடைசியில் மிருகத்தின் வாய். ஊர்ப் பிள்ளைகள் எண் படித்தது இப்படி. எதிர்த்தவர்களை நிஜமாகவே வார்க்குக்குப் போட்டவன், தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டு அந்த ஊரை ஆண்ட கென்.

"அவன் எங்கள் ஆளே இல்லை, நகரம் நச்சுவாயுவில் அழிந்தபோது சின்னப் பையன், படிப்பை முடிக்காதவன்" என்பீர்கள். சரிதான். பழைய புத்தகங்களிலிருந்து சொற்றொடர்களை வெட்டி ஒட்டித்தான் அவன் எழுதினான். அவன் எழுதிய ரிவன் என்ற உலகம் நிலைகுலையத் தொடங்கியது. அவன் மகன் அட்ரஸ் அதே புத்தகத்தில் திருத்தம் மேல் திருத்தமாகப் போட்டு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். (அச்சுக்குப் போகும் நாளில் நானும் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.)

ஆனால் அவனைச் சாக்காக வைத்து நீங்கள் தப்பிக்க முடியாது. எழுத்து உலகத்தைப் படைப்பதில்லை, ஏற்கெனவே இருக்கும் உலகத்துக்கு வழி திறக்கிறது, அவ்வளவுதான் என்பது உங்கள் கொள்கை. "நான் எழுதினேன், அதனால் உண்டானது" என்றான் கென். வாதத்தில் ஜெயித்தது நீங்கள். அப்படியானால் நீங்கள் கை வைத்துப் போய் இறங்கும் இடம் யாரோ ஒருவர் வாழும் வீடாக இருக்கலாம் அல்லவா? அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவர் கூரை தாங்குமா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதுமா? நீங்களே அழியப்போகும் கார்ட்டர்நே என்ற உலகத்தை விட்டு இடம் தேடி வந்தவர்கள். உங்கள் முன்னோர்கள் தங்குவதற்கு நிலத்துக்கு அடியில் ஒரு குகையைத் தேர்ந்தார்கள். அந்த அடக்கம் பின்னால் எங்கே போனது?

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் சோதனைத் தாளில் காற்று, நீர், நிலம் என்ற வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: "அங்கே யார் இருக்கிறார்கள்? நம்மை வரச் சொன்னார்களா?" சந்தேகம் வந்தால் நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுப் படியை ஆசிரியருக்கே திருப்பி அனுப்புவேன். நீங்களும் அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்தப் புத்தகத்தில் முத்திரை குத்த வேண்டாம்.

இப்படிக்கு,
மேலே மண்ணில் இருக்கும் ஒரு மெய்ப்புத் திருத்துபவன்