ஸ்லேவ் பிளாஷ் அடிக்கிறது, படம் மட்டும் இருட்டாக வருகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் ஸ்லேவ் பிளாஷ் (கேமரா பிளாஷின் மின்னலைப் பார்த்துத் தானும் அடிக்கும் தனி பிளாஷ்) வாங்கிப் போனவர்களில் சிலர், "கண்ணு முன்னாடி அடிக்குது, படத்துல வெளிச்சமே இல்ல" என்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடையிலேயே மாட்டிப் பார்த்தோம். பிளாஷில் ஒரு பழுதும் இல்லை.

கேமராவில் இருக்கும் பிளாஷ் டிடிஎல்லில் (வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்கும் முறை) இருந்தால், ஷட்டர் திறக்கும் முன்பே அளவு பார்க்க ஒருமுறை லேசாக மின்னும். அடுத்த நொடிக்குள் மறு மின்னல் வந்துவிடுவதால் நமக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஸ்லேவின் சென்சாரோ முதல் மின்னலைக் கண்டதும் அடித்துவிடுகிறது. ஷட்டர் திறக்கும் நேரத்தில் அதன் வேலை முடிந்திருக்கும்.

அதனால் கேமரா பிளாஷை மேனுவலுக்கு (அளவை நாமே வைக்கும் முறை) மாற்றி, முழுத் திறனில் 1/32 பங்கு போலக் குறைத்து வையுங்கள். ஸ்லேவை எஸ்1-இல் (முதல் மின்னலுக்கே அடிக்கும் நிலை) வையுங்கள். கேமரா பிளாஷில் மேனுவல் இல்லையென்றால் எஸ்2. அது முதல் மின்னலை விட்டுவிடும். ரெட்-ஐ குறைப்பை அணைத்துவிடுங்கள். அதுவும் முன்கூட்டியே மின்னி எஸ்2-இன் கணக்கைக் குழப்பும்.

சரி, இனி எக்ஸ்போஷர். கேமராவும் மேனுவலில் இருக்கட்டும். ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400, அபெர்ச்சர் எஃப் 5.6 என்று தொடங்கலாம். கைடு நம்பர் என்பது ஐஎஸ்ஓ 100-இல் பிளாஷின் திறனைச் சொல்லும் எண்; அதை அபெர்ச்சரால் வகுத்தால் தூரம் கிடைக்கும். கைடு நம்பர் 56 உள்ள ஸ்லேவ் பிளாஷை 1/16-க்குக் குறைத்தால் கைடு நம்பர் 14 ஆகும். ஐஎஸ்ஓ 400-இல் அது 28. 28-ஐ 5.6-ஆல் வகுத்தால் 5 மீட்டர். ஆள் பிளாஷிலிருந்து அந்தத் தூரத்தில் நின்றால் வெளிச்சம் சரியாக இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பிளாஷின் ஜூமைக் குறுக்கி வைத்த நிலைக்கானது. குடை போட்டாலோ, ஜூமை அகல வைத்தாலோ பிளாஷை ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டுங்கள். பிளாஷை 10 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும்.

மண்டபத்தின் சீரியல் விளக்குகளும் படத்தில் தெரிய வேண்டுமா? ஷட்டரை மட்டும் 1/60-க்கு இறக்குங்கள். பிளாஷ் வெளிச்சம் மாறாது. பெரும்பாலான கேமராக்களில் 1/200, 1/250-க்கு மேல் போனால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

நம் நீலகிரி மலையில் இன்னொன்றும் உண்டு. படுகர் கல்யாணத்தில் கூட்டமே வெள்ளை உடுத்தி நிற்கும். டிடிஎல் அந்த வெள்ளையைக் கண்டு வெளிச்சத்தைக் குறைக்க, துணி சாம்பலாகவும் முகம் கறுத்தும் வரும். மேனுவலில் அந்தக் குழப்பமே இல்லை. முதல் படத்தை எடுத்ததும் திரையில் பெரிதாக்கி, தோளில் கிடக்கும் துணியின் மடிப்புகளைப் பாருங்கள். மடிப்பு தெரிந்தால் அளவு சரி. வெறும் வெள்ளையாக இருந்தால் பிளாஷை ஒரு படி இறக்குங்கள். அந்த அம்மாக்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய துணி படத்தில் சாம்பலாக வந்தால் நமக்கே மனசு கேட்பதில்லை.

வெளியே மூடுபனி இறங்கினால் கேமரா மேலிருக்கும் பிளாஷ் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெளுத்துவிடும். அதை மிகக் குறைவாக வைத்து, ஸ்லேவைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். அதன் சென்சார் கேமராவைப் பார்த்து இருக்கட்டும். வெயிலிலும் பனியிலும் சென்சார் ஏமாறுவதுண்டு. வெளியில் அதிகம் எடுப்பவர்களுக்கு மின்னலுக்குப் பதில் ரேடியோ அலையால் பிளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ ட்ரிகர்தான் சரி. அப்புறம், குளிரில் சாதாரண அல்கலைன் செல்கள் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரீசார்ஜ் செல் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் சரிவரவில்லை என்றால் கடைக்கு வாருங்கள், கூடவே நின்று செட் செய்து தருகிறோம். வரும்போது கேமராவையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பிளாஷை மட்டும் பார்த்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் கேமரா கடை,
ஊட்டி